பங்காளி கையில் கயிறு

1

எங்கள் வடக்கனந்தல் பக்கம் ஒருவர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் இரண்டு காரணம்தான் இருக்கும். மகளுக்குச் சீர் கொண்டுபோகிறார், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இங்கே இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் நான் பஸ் ஓட்டத் தொடங்கிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலைந்து இளவட்டங்கள் ஆளுக்கொரு மெத்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் சண்டை இல்லை என்று தெரிந்தது. ஊரெல்லாம் முடிந்து, வெறும் மேடும் ஆடுகளுமாக இருக்கிற இடத்தில் இறங்கிப் போனார்கள். இந்தக் குளிரில் வெட்டவெளியில் போய்ப் படுக்கிறார்களே என்று அன்று முழுக்க எனக்கு ஒரே வருத்தம்.

பிறகுதான் தெரிந்தது, அது படுக்கிற மெத்தை அல்ல, விழுகிற மெத்தை. இரண்டு ஆள் உயரம் இருக்கும் பாறைகளில் கயிறு இல்லாமல் வெறும் கையால் ஏறுவார்கள். தவறினால் மெத்தையில் விழுந்து, எழுந்து, மறுபடியும் ஏறுவார்கள். இதற்குப் போல்டரிங் என்று பெயர். பாறை அதைவிட உயரமாக இருந்தால் மெத்தை உதவாது, கயிறு வேண்டும். கயிறு என்றால் அதன் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இந்தக் குறிப்புகள் அந்த ஆளைப் பற்றியவை.

நான் பயந்த சுபாவம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி மேரி நர்ஸ் வேலைக்கு வந்தாள், நான் அவள் பின்னால் வந்தேன். விசாத் தாளில் என்னை மனைவியைச் சார்ந்திருப்பவர் என்று போட்டிருந்தார்கள்; மேரி அதை இன்றுவரை மறக்கவிடவில்லை. தபாலில் அரசாங்கத்தின் பழுப்பு உறை வந்தால், மேரி வந்து பிரிக்கட்டும் என்று தொடாமல் வைத்துவிடுவேன். மகள் ஸ்டெல்லாவின் பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் மாதாவைக் கூப்பிடுவேன். ஆனால் ஸ்டெல்லா பாறையில் கை வைத்த பிறகு அந்தப் பயமெல்லாம் சில்லறைப் பயமாகிவிட்டது.

2

எங்களுக்கு ஸ்டெல்லா ஒரே பெண். அவள் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது ஒரு சர்ச்சுக்குள். ஆள் வராமல் மூடிக் கிடந்த சர்ச்சை யாரோ வாங்கி, ஏறிப் பழகும் கூடமாக மாற்றியிருந்தார்கள். பீடம் இருந்த சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பிடிகளை முடுக்கியிருந்தார்கள். பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மாலை கூப்பிடப் போன நான் வாசலில் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், சேசுவின் பாடுபட்ட சுரூபம் தொங்கியிருக்க வேண்டிய உயரத்தில் என் மகள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் விடுமுறையெல்லாம் பாறையைத் தேடித்தான். ஷெஃபீல்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேனேஜ், மலையை யாரோ கத்தியால் சீவிவிட்ட மாதிரி மைல் கணக்கில் நீளும் ஒரு பாறை விளிம்பு. சொரசொரவென்று உப்புத்தாள் போல இருக்கும் அந்தக் கல்லில் அவள் விரல் நுனிகள் தேய்ந்து, போனில் கைரேகை வைத்தால் திறக்கவில்லை. வேல்ஸில் மழையில் கறுத்த லான்பெரிஸ் கணவாய். தெற்கே போர்ட்லாந்தின் வெள்ளைப் பாறை. கோகார்த் என்று ஒரு இடம், அங்கே மேலிருந்து கயிற்றில் கடலை நோக்கி இறங்கி, திரும்ப ஏறித்தான் வீடு வர வேண்டும். அவள் வளர்ந்து தனியாகப் போகத் தொடங்கும்வரை, நான் காருக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே பிரிட்டனைச் சுற்றிப் பார்த்தவன். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையே நம் ஊர்க் கல்வராயன் மலையைவிடக் குட்டைதான் என்று அவளிடம் பெருமையடித்துப் பார்த்தேன். உயரம் முக்கியம் இல்லைப்பா, எப்படி ஏறுகிறோம் என்பதுதான் என்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த சர்ச் கூடத்தில் பயிற்சி கொடுக்கிற பெண்மணியிடம் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். என் மகளுக்குக் கயிறு பிடிக்கிறவர் அவளுக்கு என்ன உறவு? அந்த அம்மாள் என்னைக் கனிவாகப் பார்த்து, காதல் விவகாரத்தைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை என்றார். ஸ்டெல்லா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் கேட்டது காதலை அல்ல. ஆனால் நான் கேட்டதை விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு கிணறு வேண்டியிருந்தது.

3

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெடிவைத்து வெட்டியவை. கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் தூர் வார ஆள் இறங்குவான். இடுப்பில் வடக்கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆட்கள். பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் முதல் பிடி மச்சானுடையது. பெண்டாட்டியின் தம்பியோ அண்ணனோ வந்து சேராமல் எங்கள் அப்பா கிணற்றில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாதவன் இறங்கினால் தாய்மாமன் வர வேண்டும். காரணத்தை யாரும் மூடி மறைத்ததில்லை. கயிறு போனால் மச்சானுக்குத் தன் கூடப்பிறந்தவள் தாலி போகும். பங்காளிக்கு என்ன போகும்? கூட ஒரு காணி நிலம் வரும்.

அதனால் கூடப்பிறந்த அண்ணன் தம்பி ஆனாலும் முதல் பிடியைக் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு தடவை கொடுத்தார்கள். மச்சான் வர நேரமாகிவிட்டது என்று பெரியநாயகம், தம்பி சின்னப்பன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கினார். இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. பின்னால் வேறு ஆள் இல்லை. பாதி ஆழத்தில் கயிறு போய்விட்டது. சின்னப்பன் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் சொட்ட நின்று கதறினார். கை நழுவியதா, விட்டுவிட்டாரா? போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஊர் எதையும் எழுதவில்லை. அதற்குப் பிறகு சின்னப்பன் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நிற்கும். அவர் போன பிறகு மறுபடியும் தொடங்கும். சாகும்வரை அப்படித்தான். சின்னப் பையனாக நான் அதைப் பார்த்தேன். செத்தவரைவிட அவரை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம்.

ஸ்டெல்லாவுக்குத் தாய்மாமன் இருக்கிறான். லூர்து, உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். லாரி டயரை ஒற்றைக் கையில் புரட்டுகிறவன். ஒரு கோடைக்கு அவனை இங்கே வரவழைத்துவிட்டால் என் மனசு ஆறும் என்று விசாவுக்குப் போடச் சொன்னேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றிப் பார்க்க என்று போடச் சொல்லியிருந்தேன். அவன் உண்மை விளம்பி. அக்கா மகள் மலை ஏறுகிறாள், கயிறு பிடிக்க வேண்டும் என்று போட்டுவிட்டான். திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

4

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவரிமுத்து, எனக்கு நேர் மூத்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அப்பா போன பிறகு யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் முறை என்று தொடங்கியது. நான் இங்கே வந்ததும், ஊரில் இல்லாதவனுக்கு எதற்கு முறை என்றார் அண்ணன். நான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தேன், குத்தகைக்காரருக்குத் தண்ணீர் வேண்டும். பேச்சு தடித்து, கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போய், வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பியது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். அண்ணன் மகன் அமலும் வந்திருந்தான். அவன் லீட்ஸில் எம்.எஸ்ஸி. படிக்க வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம், ஆனால் அவன் வந்ததும் இல்லை, நான் கூப்பிட்டதும் இல்லை. பண்டிகை முடிந்த மறுநாள் காலை ஸ்டெல்லாவைக் காணோம். அண்ணன் வீட்டு வாசலில் அமலின் பைக்கும் இல்லை.

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் இருந்த ஒரு தெரிந்தவர்தான் மேரிக்குப் போன் செய்தார். உங்க வூட்டுப் பொண்ணு மெத்தையை விரித்துப்போட்டு, பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது என்று. நான் கார் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தபோது, அருவிக்குப் போகிற வழியில் யானை உயரப் பாறை ஒன்றின் கீழே இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அண்ணி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த மெத்தை. சுவர் எழும்பிய பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டு ஆளுக்கு என்று வெளியே வந்த முதல் பொருள் அதுதான். மெத்தைக்குப் பக்கத்தில் அமல் இரண்டு கையையும் உயர்த்தி, அவள் முதுகுக்கு நேராக நின்றுகொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், மலைப்பாதை வளைவுகளில், ஸ்டெல்லா சாவகாசமாகச் சொன்னாள். அமல் அண்ணா ஒரு வருஷமாக என்னோடுதான் ஏறுகிறான். அவன்தான் எனக்குக் கயிறு பிடிக்கிறான். அண்ணா என்ற சொல்லை மட்டும் அவள் சுத்தமான தமிழில் சொன்னாள். அவள் தமிழை அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை கேட்டதில்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கும்போது, ஒரே பெண் குழந்தையை, முதல் பிடியாகப் பங்காளி மகன் கையில் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷமாக.

5

நல்ல பிள்ளை அவன், எனக்கே தெரியும் என்றாள் மேரி. எனக்கும் தெரியும். சின்னப்பனும் நல்லவர்தான். என் பயம் அமல் கெட்டவன் என்பது அல்ல. நழுவினால் நான் என்ன நினைப்பேன் என்பதுதான். வாழ்நாள் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டு, நழுவியதா விட்டானா என்று நானே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே வந்ததும், அவனைத் தனியாகப் பார்த்து விலகிக்கொள்ளச் சொல்வது என்று முடிவு செய்தேன். வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேனேஜுக்கு நானும் போனேன். பாறை அடிவாரத்தில் பழைய காலத்து ஆட்டுக்கல் மாதிரி பெரிய பெரிய அரவைக் கற்கள் கொத்தி முடித்தபடியே கிடக்கும், யாரும் எடுத்துப் போகாமல். அதில் ஒன்றில் உட்கார்ந்து வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். நான் கோத்து முடிப்பதற்குள் ஸ்டெல்லா ஏறத் தொடங்கிவிட்டாள்.

முதலில் ஏறுகிறவருக்கு மேலே கயிறு கிடையாது. இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டே போய், பாறை இடுக்கில் சின்ன இரும்புத் துண்டைச் செருகி அதில் மாட்டிக்கொள்வார்கள். கீழே இருப்பவர் கேட்கக் கேட்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அமல் இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான். அவள் உயரப் போகப் போக என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அமலின் பின்னால் போய், தரையில் கிடந்த கயிற்றை எடுத்து இரண்டு சுற்றுக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். கிணற்று மேட்டில் இரண்டாவது ஆள் நிற்கிற மாதிரி. நீ விட்டாலும் நான் பிடிப்பேன் என்று.

மேலே அவள் மாட்டுவதற்காகக் கயிற்றை இழுத்தாள். கயிறு வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். கயிறு விடு, விடு என்று கத்தினாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. கை கேட்கவில்லை. கிணற்றில் கயிறு தளர்ந்தால் சாவு. பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். அமல் திரும்பி என் கையைப் பார்த்தான். அதே நேரம் அவள் கால் வழுக்கியது.

விழுந்தாள். சண்டைக்கு முந்தின காலத்தில் அண்ணி ஆசை ஆசையாகப் பெயர் வைத்த என் குழந்தை, பாறையில் உரசிக்கொண்டு விழுவதை நான் பார்த்தேன். பிறகு கயிறு விறைத்தது. அமல் தரையிலிருந்து எம்பி, பாறையில் மோதி, அப்படியே காலை ஊன்றி நின்றான். அவள் எங்கள் தலைக்கு மேலே முழங்கால் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து கயிறு எப்போதோ நழுவி, தரையில் தொளதொளவென்று கிடந்தது. பிடித்தது அவன் மட்டும்தான்.

அவளை மெதுவாக இறக்கிவிட்டு, அவள் காலைக் கழுவப் போன பிறகு என்னிடம் வந்தான். நான் பிடித்து இழுத்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை, சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டான். அவன் தோளில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. கயிறு புடிக்க வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா சித்தப்பா என்று கேட்டான். நான் தலையாட்டினேன்.

"எங்கப்பாவும் அதான் சொல்றாரு. வாராவாரம் போன் பண்ணி, அவளுக்குக் கயிறு புடிக்காதடா, வேற யாரையாச்சும் புடிக்கச் சொல்லுன்றாரு. பாப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு நம்மள இன்னா சொல்லும்னு அழுவுறாரு. நான் இன்னா பண்ணட்டும், சித்தப்பா? அவ வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்றா."

சின்னப்பன் டீக்கடையிலிருந்து எழுந்து போவதை அண்ணனும் என் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

6

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஆர்க்னி தீவுகள். அதில் ஹோய் என்ற தீவின் கரையில், கடலுக்குள் ஒற்றையாக நிற்கிறது ஒரு சிவப்புக் கல் தூண். ஹோய்க் கிழவன் என்று அதற்குப் பெயர். உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தால் கால்களுக்குக் கீழே அலை. பாதி வழியில் கூடு கட்டியிருக்கும் கடல் பறவைகள் ஏறுகிறவர் முகத்தில் வாந்தி எடுக்குமாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம் என்கிறார்கள். கயிற்றில் ஒவ்வொருவராகத் தொங்கி இறங்க வேண்டும். சின்ன வயசிலிருந்து ஸ்டெல்லா தன் அறைச் சுவரில் அந்தப் படத்தைத்தான் ஒட்டி வைத்திருந்தாள். இந்தக் கோடையில் அவளும் அமலும் போனார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற வாயை ஸ்டேனேஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

காலையில் ஏறத் தொடங்குகிறோம் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மேரிக்கு டூட்டி. நான் லீவு போட்டுவிட்டு அடுப்படியில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் தாண்டியது. ஊரில் விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். போன் அடித்தது. அண்ணன் நம்பர். அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை, அப்படியே கிடந்த நம்பர்.

எடுத்தேன். முதலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, எங்கள் கிணற்று மோட்டார்.

"அமலு போன் எடுக்கல" என்றார்.

"மேல இருப்பாங்கண்ணே. அங்க டவர் சரியா கெடைக்காது."

"சாப்ட்டியா?"

"இல்லண்ணே."

"நானும் இல்ல. பொண்ண எம்புள்ள கையில குடுத்துட்டு உக்காந்துக்கினு இருக்க. ஒண்ணு ஆச்சுன்னா என்னால சின்னப்பன் மாரி நடமாட முடியாது தம்பி. நான் அந்தக் கெணத்துலயே..."

"அவன் வுட மாட்டான்ணே. நான் பாத்தேன்" என்றேன்.

வைத்துவிடவா என்று கேட்டேன். வைக்காதே, இறங்குகிற வரைக்கும் வைக்காதே என்றார். பிறகு நாங்கள் பேசவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அவர் இருமினார். மோட்டாரை நிறுத்தினார். வெளியே யாரோ கூப்பிட, அப்புறம் வா என்று அனுப்பினார். பல வருஷமாக ஒருவர் மூச்சை மற்றவர் கேட்காத நாங்கள் அதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செய்தி வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். நான் இறங்கிட்டேன்பா. அண்ணா இன்னும் மேல. கீழ கயிறு புடிக்கணும், அப்புறம் பேசறேன்.

அழுகை வந்துவிட்டது. பொண்ணு எறங்கிட்டாண்ணே என்றேன். அவர் சேசுவே என்று சொல்லி அழுதார். சத்தமாகவே அழுதார். அழுது முடித்த பிறகுதான் கேட்டார், மெதுவாக.

"எம்புள்ள?"

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் ஒரு உயிருக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவனும் அதே பாறை மேல் இருந்தான் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"கடசியா எறங்குறான்ணே. இன்னும் மேலதான் இருக்கான்."

"கீழ கயிற யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?"

"எம் பொண்ணு."

உன் பொண்ணுதான் இறங்கிவிட்டாளே, நீ போய்ச் சாப்பிடு, போனை வை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நான் மேசையில் இருந்த போனை எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்தி, காதோடு வைத்துக்கொண்டேன்.

"வைக்கலண்ணே" என்றேன். "இங்கதான் இருக்கேன்."